சங்கச் சந்தா கட்டும் குடும்பத்துக்குச் சொத்து சேர்கிறதா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது. கணவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகியிருக்கிறது. சங்கத்துக்கு மாதம் 100 ரூபாய் சந்தா பிடிக்கச் சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். சங்கம் இருந்த கம்பெனியில் வேலை பார்த்த உங்கள் சித்தப்பா வீடு கட்டினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சங்கம் இருந்த ஆலையில் வேலை பார்த்த மாமனாரோ வேலைநிறுத்தத்தில் நகையை இழந்து கடனாளியானார். இதில் சங்கத்தால் வந்தது எது, அவரவர் நேரம் எது என்று கேட்கிறீர்கள். சம்பளம் கூடுமா என்பது இதில் சின்னக் கேள்விதான். கூடுகிற பணம் இருபத்தைந்து வருடம் கழித்துக் குடும்பத்தின் கையில் வீடாகவோ வைப்பாகவோ நிற்குமா என்பது பெரிய கேள்வி. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. ஒரே தொழில், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே அளவு கம்பெனி என்று எடுத்துக்கொண்டால், கூட்டாகப் பேசி ஒப்பந்தம் போடுகிற இடத்தில் சம்பளம் அதிகம். படித்த படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் அமெரிக்காவில் இந்த வித்தியாசம் 10 முதல் 15 சதவீதம் வரை என்று பல காலமாகக் கணக்கிட்டு வருகிறார்கள். அங்கே சங்க உறுப்பினரா என்றும், குடும்பத்தின் சொத்துக் கடன் என்ன என்றும் ஒரே கணக்கெடுப்பில் கேட்கிறார்கள். அதனால் சங்கக் குடும்பங்களின் சொத்து கூடுதல் என்பதும், அது பெரும்பாலும் ஓய்வூதியத்திலும் சொந்த வீட்டிலும்தான் இருக்கிறது என்பதும் தெரிகிறது. நம் நாட்டில் சொத்தையும் கடனையும் விசாரிக்கும் கணக்கெடுப்பு வேறு, வேலையை விசாரிக்கும் கணக்கெடுப்பு வேறு. ஆகவே, 'சங்கக் குடும்பத்துக்கு இத்தனை லட்சம் கூடுதல்' என்று யாராவது இந்தியாவுக்கு ஒரு எண் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பணம் எந்த வழியாகச் சேர்கிறது, எந்த வழியாகக் கரைகிறது என்பதைச் சம்பளச் சீட்டையும் ஒப்பந்த நகலையும் வைத்து மிகத் துல்லியமாகவே சொல்ல முடியும்.

உங்கள் கணவர் கம்பெனிக்குள்ளேயே உறுப்பினரையும் உறுப்பினர் அல்லாதவரையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொழிலாளர் துறை சமரச அதிகாரி முன்பு போடும் ஒப்பந்தம், தொழிலாளர்கள் பேச்சில் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 'பன்னிரண்டு மூணு', அங்கே வேலை பார்க்கும் எல்லாரையும் கட்டும். சந்தா கட்டாதவருக்கும் அதே உயர்வு கிடைக்கும், பின்னால் சேர்பவருக்கும் கிடைக்கும். அதிகாரி இல்லாமல் நிர்வாகமும் சங்கமும் நேராகப் போட்டுக்கொள்ளும் 'பதினெட்டு ஒண்ணு' கையெழுத்திட்ட தரப்பை மட்டுமே கட்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனாலும் ஷாப் ஃப்ளோரில் இன்னும் பழைய எண்தான் ஓடுகிறது. புதிய தொகுப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று, பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கமே தனியாகப் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமை பெறுகிறது. அந்தக் கணக்கில் ஒரு தலை என்ற வகையில்தான் உங்கள் 100 ரூபாய்க்கு நேரடி மதிப்பு.

இனி முக்கியமான இடம். ஆலை வாயில் கூட்டத்தில் 'மூன்று வருடத்துக்கு 9,000 ரூபாய் உயர்வு' என்று அறிவிப்பார்கள், கைதட்டுவார்கள். அந்த 9,000 சம்பளச் சீட்டின் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று பாருங்கள். சொத்து அங்கேதான் பிறக்கிறது. பேஸிக்கிலும் பஞ்சப்படியிலும் ஏறிய ரூபாய்க்கு பி.எஃப்., கிராஜுவிட்டி (வேலையிலிருந்து விலகும்போது மொத்தமாக வரும் பணிக்கொடை), விடுப்புச் சம்பளம் எல்லாம் கூடவே ஏறும். கேன்டீன் படி, போக்குவரத்துப் படி, வருகை ஊக்கத்தொகை என்று ஏறிய ரூபாய் அந்த மாதத்தோடு சரி.

கணக்காகவே பார்க்கலாம். 35 வயதுக்காரர், பேஸிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000, ஓய்வுக்கு 23 வருடம் பாக்கி. ஒரு ஒப்பந்தம் 9,000 உயர்வில் 6,000 ரூபாயைப் பேஸிக்கில் வைக்கிறது. இன்னொன்று 1,000 ரூபாயை மட்டும் வைக்கிறது. வித்தியாசம் மாதம் 5,000. கம்பெனி முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டுவதானால், தொழிலாளி பங்கு 12 சதவீதம், நிர்வாகப் பங்கு 12 சதவீதம் என்று மாதம் 1,200 ரூபாய் கூடுதலாகக் கணக்கில் சேரும். வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் (2024-25க்கு அறிவித்தது 8.25) 23 வருடத்தில் ஏறத்தாழ 9 லட்சம். இதில் பாதி அவருடைய சொந்தப் பணம், வீட்டுக்கு வரும் சம்பளத்திலிருந்து பிடித்தது. மறைக்காமல் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மற்றப் பாதி நிர்வாகம் போட்டது, படியாகக் கொடுத்திருந்தால் வந்தே இருக்காது. கிராஜுவிட்டி, கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்குவது. மொத்தம் 30 வருட சர்வீஸ் என்றால் அந்த 5,000 ரூபாய்க்கு மட்டும் சுமார் 86,500 ரூபாய் கூடுதல். இவ்வளவும் ஒரே ஒரு ஒப்பந்தத்தின் ஒரே ஒரு பத்தியில் தீர்மானமாகிறது. ஒருவர் தன் வேலைக்காலத்தில் ஏழெட்டு ஒப்பந்தங்களைப் பார்ப்பார்.

இங்கே பெரும்பாலும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. பி.எஃப். சட்டம் மாதம் 15,000 ரூபாய் ஊதியம் வரைதான் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்துகிறது. அதற்கு மேலும் 12 சதவீதம் கட்டுவது ஒப்பந்தத்தால் அல்லது கம்பெனி வழக்கத்தால் வருவது. 'முழுப் பேஸிக், பஞ்சப்படி மீது பி.எஃப்.' என்ற வரி ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லையென்றால், பேஸிக் எவ்வளவு ஏறினாலும் நிர்வாகப் பங்கு 1,800 ரூபாயிலேயே நின்றுவிடலாம். புதிய சட்டத் தொகுப்பில், மொத்தச் சம்பளத்தில் படிகள் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும். கிராஜுவிட்டிக்கு இது நல்லது. ஆனாலும் 15,000 உச்சவரம்பு அப்படியே நிற்கும்வரை பி.எஃப். விஷயத்தில் ஒப்பந்த வரிதான் காப்பு. மாதப் பென்ஷனை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். 15,000 வரம்பில், 33 வருடம் வேலை பார்த்து 2 வருடச் சலுகையும் சேர்த்து 35 வருடம் என்றாலும், 35ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவது 7,500 ரூபாய்தான்.

'எந்தக் கட்டம்' என்ற இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதற்கு இலங்கை மலையகத் தோட்டங்கள் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே தமிழ்த் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் தலைமுறைகளாகச் சங்க உறுப்பினர்கள், சந்தாவும் சம்பளத்திலேயே பிடிபடும். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படை 500, வருகைக்கு 60, தேயிலை விலைக்கு 30, உற்பத்திக்கு 140. 2019இல் அது 750 ஆனது. இருபது ரூபாய்தானா என்று கொதித்தார்கள், நாள் தவறாமல் வேலைக்குப் போனவருக்கு அந்தக் கோபம் நியாயமும்கூட. ஆனால் உள்ளே அடிப்படை 500இலிருந்து 700 ஆகியிருந்தது, விலைப் பங்கு 50, மற்ற இரண்டும் நீக்கம். அங்கே நம் பி.எஃப். போன்ற சேமலாப நிதிக்குச் சட்டப்படி தொழிலாளி 8, முதலாளி 12, நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் என்று எல்லாம் அடிப்படை மீதுதான். கூடிய 200 ரூபாய்க்கு நாளொன்றுக்கு 46 ரூபாய் சேமிப்பில் ஏறியது. வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற சேவைக்காலப் பணமும் அடிப்படையை வைத்தே வருவதால், 25 வருடம் வேலை செய்த ஒருவருக்கு அந்த 200 ரூபாய் மட்டும் 70,000 ரூபாய் கூடுதல். கையில் வாங்கும் காசு ஏறக்குறைய அப்படியே இருக்க, கண்ணில் படாத காசு கூடியது.

அதே மலையகம் இன்னொன்றையும் சொல்கிறது, எனக்கு மிகவும் கனமாகத் தோன்றுவது அதுதான். இவ்வளவு அடர்த்தியான சங்க உறுப்பினர் எண்ணிக்கை இருந்தும் அந்தக் குடும்பங்களில் சொத்து ஏன் சேரவில்லை? ஏனென்றால் குடியிருந்த லயன் அறை (தோட்டம் கட்டிய வரிசை வீடு) அவர்களுடையது அல்ல, காலடி மண் தோட்டத்துடையது. ஏழைக் குடும்பம் சேர்க்கும் சொத்தில் பெரும்பகுதி வீடும் மனையும்தான். அந்த வாசல் அடைத்திருந்தால் சம்பள உயர்வு சாப்பாட்டிலும் சடங்கிலும் கடனிலும் போய்விடும். 7 பேர்ச்சஸ், அதாவது சுமார் 1,900 சதுர அடி மனைக்கு உறுதிப்பத்திரம் கேட்கும் போராட்டம், சம்பளத்துக்கான போராட்டத்துக்கு எந்த வகையிலும் சளைத்ததல்ல.

நம் ஊருக்குத் திரும்புவோம். சம்பள உயர்வைவிடவும் சொத்துக்கு உதவுவது வேலை அறுபடாமல் தொடர்வது. இதை யாரும் வாயில் கூட்டத்தில் பேசுவதில்லை. தொழிலாளி பங்கும் நிர்வாகப் பங்கும் சேர்ந்து பி.எஃப். கணக்கில் மாதம் 3,000 ரூபாய் விழுகிறது என்று வையுங்கள். 30 வருடம் தொடாமல் இருந்தால் 8 சதவீத வட்டியில் சுமார் 42 லட்சம். அதே ஆள் முதல் 12 வருடத்தில் நாலைந்து கம்பெனி மாறி, மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிட்டு, கடைசி 18 வருடம் மட்டும் சேர்த்தால் 14 லட்சம். நடுவில் எடுத்தது ஏழு லட்சம்தான், இழந்தது 28 லட்சம். காரணமில்லாமல் வெளியே அனுப்ப முடியாத நிலை, தமிழ்நாட்டில் 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவருக்கு நிரந்தரம் கேட்கும் 1981ஆம் வருடச் சட்டத்தை எழுத்தில் மட்டும் விடாமல் நடைமுறைக்குக் கொண்டுவரும் பலம், இவைதான் சங்கம் ஒரு குடும்பத்துக்குத் தரும் மிகப் பெரிய சொத்து என்பது என் முடிவு. உங்கள் சித்தப்பாவின் வீட்டுக்கு அடித்தளம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பஞ்சப்படி பற்றி ஒரு எச்சரிக்கை. விலைவாசிக் குறியீட்டோடு மாறும் பஞ்சப்படி இருந்தால் மூன்று வருடத்துக்கு நடுவிலும் சம்பளம் தானாக நகரும். நிலையான பஞ்சப்படி என்று மாற்றிவிட்டால் உயர்வின் பாதியை விலைவாசி தின்றுவிடும். மாறும் பஞ்சப்படியிலும் தவறு நடக்கிறது. தொழிலாளர் குறியீட்டின் அடிப்படை ஆண்டு 2001இலிருந்து 2016க்கு மாறியபோது இணைப்புக் காரணி (புதிய புள்ளியைப் பழைய புள்ளியாக மாற்றப் பெருக்கும் எண்) 2.88 என்று அறிவித்தார்கள். பழைய ஒப்பந்தத்தில் '2001 தொடரில் புள்ளிக்கு 3 ரூபாய்' என்றிருந்தால், புதிய தொடரில் 4 புள்ளி ஏறும்போது 4ஐ 2.88ஆல் பெருக்கி 11.52 புள்ளிக்கு 34 ரூபாய் 56 காசு தர வேண்டும். பெருக்காமல் 12 ரூபாய் தந்துவிட்டால் தொழிலாளிக்குத் தெரியவே தெரியாது. அதைவிடப் பழைய 1982 தொடரில் எழுதிய ஒப்பந்தமானால் இன்னொரு 4.63ஆலும் பெருக்க வேண்டும்.

சொத்து சேர்வதில் பாதி, கடன் எந்த விலைக்குக் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளி, சம்பளத்தில் பிடித்தம், சக ஊழியர் ஜாமீன் இருந்தால் தொழிலாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் கிடைக்கும். வங்கியும் சம்பளச் சீட்டைப் பார்த்து வீட்டுக்கடன் தரும். இரண்டும் இல்லாதவர் மூணு வட்டிக்குப் போவார். ஒரு லட்சத்துக்கு மூணு வட்டி என்றால் வருடம் 36,000. வருடத்துக்கு 12 சதவீதம் என்றால் 12,000. வித்தியாசமான 24,000 ரூபாய் மாதம் 2,000 சம்பள உயர்வுக்குச் சமம், வாய்விட்டுக் கேட்காமலே கிடைத்த உயர்வு. போனஸும் இதோடு சேர்ந்தது. சட்டம் 8.33 முதல் 20 சதவீதம் வரை சொல்கிறது. சங்கம் பேசுகிற இடங்களில் பொதுவாக மேல்நுனியை ஒட்டியோ, உற்பத்தியோடு இணைத்து அதற்கு வேறு கணக்கிலோ முடியும். தீபாவளிக்கு முன் மொத்தமாக வரும் இந்தத் தொகையில் அடகு நகை மீண்டால் அது சொத்து. துணிமணியிலும் செல்போனிலும் போனால் ஒன்றும் நிற்காது. இதைச் சங்கம் தீர்மானிக்க முடியாது, நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

நோய் வந்தால் என்ன ஆகும் என்பதை ஒப்பந்தம் முடிந்த அன்றே பாருங்கள். மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு வரம்பிலிருந்து வெளியே போவார். தாண்டிய மாதமே வெட்டு விழாது. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்ற இ.எஸ்.ஐ. சந்தாக் காலத்தில் அவர் எதில் இருக்கிறாரோ அது முடியும்வரை பிடித்தம் தொடரும், அதற்குரிய பயன் காலமும் உண்டு. அதன் பிறகு ஒன்றுமில்லை. நல்ல உயர்வு வாங்கிய சந்தோஷத்தில் குடும்ப மருத்துவக் காப்பீடு என்ற வரியைச் சேர்க்க மறந்த ஒப்பந்தங்களில், அடுத்த வருடமே ஒரு இதய அடைப்பு மூன்று வருட உயர்வை விழுங்கியிருக்கிறது. காப்பீட்டில் பெற்றோர் சேர்த்தியா, அறை வாடகைக்கு உச்சவரம்பு எவ்வளவு, பிரீமியத்தை யார் கட்டுவது என்று மூன்றையும் கேளுங்கள். இறப்புக்கு பி.எஃப்.போடு இணைந்த காப்பீடு குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம் தரும். பல ஆலைகளில் ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்து இறந்தவர் குடும்பத்துக்குத் தரும் ஏற்பாடும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். 600 பேர் 500 ரூபாய் கொடுத்தால் அன்றே 3 லட்சம். அந்தப் பணம் வராவிட்டால் விதவையான பெண் முதலில் விற்பது மனையைத்தான்.

மாமனார் பக்கம் வருகிறேன். வேலைநிறுத்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் சங்க அங்கீகாரம் கேட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. சங்கப் பதிவு 2025 ஜனவரியில் கிடைத்தது. அந்த 37 நாளை ஒரு அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 30,000 வாங்கும் ஒருவருக்கு இழப்பு சுமார் 37,000. பின்னால் வரும் ஒப்பந்தம் மாதம் 3,000 தந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று மாதத்தில் ஈடாகிவிடும், அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம். ஆனால் அந்த நாட்களை ஓட்ட 40,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கியிருந்தால் வருடம் 14,400 வட்டிக்கே போகும். அசலை அடைக்க முடியாமல் இரண்டு வருடம் இழுத்தால் உயர்வில் பத்து மாதம் வட்டிக்காரருக்கு. ஆக, வேலைநிறுத்தம் ஒரு குடும்பத்தைக் கெடுத்ததா இல்லையா என்பதை அதன் நீளத்தைவிட, அதற்கு முன் வீட்டில் எத்தனை மாதச் செலவுக்குக் கையிருப்பு இருந்தது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் திடீரென்று உட்கார்ந்தால் இன்னொரு அடியும் விழலாம். பத்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, விதிப்படி அறிவிப்புத் தராமல், நியாயமான காரணமின்றி வராமல் இருந்தால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. இப்போதைய தொகுப்பின்படி எல்லாத் தொழிற்சாலைக்கும் 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம்.

சம்பள இழப்பு மீளும், வேலை இழப்பு மீள்வது கடினம். விசாரணைக்காக சஸ்பெண்ட் ஆனவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக வரும், அதற்குப் பின் விகிதம் கூடும். நீக்கப்பட்டால் வழக்கு வருடக்கணக்கில் ஓடும், வென்றாலும் இடையில் பிள்ளையின் படிப்பு நின்றிருக்கும். முன்னணியில் நிற்பவர்களின் குடும்பங்கள்தான் இந்த விலையைக் கொடுக்கின்றன, பலன் எல்லாருக்கும் போகிறது. போராட்ட நிதி வைத்திருக்கும் சங்கமா, நீக்கப்பட்டவருக்கு மாதம் ஏதாவது கொடுக்கும் வழக்கம் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

சங்கமே காப்பாற்ற முடியாதவையும் உண்டு. 1918இல் செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு முயற்சியில், பி. பி. வாடியா தலைவராக, திரு.வி.க. துணையோடு பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன் போராட்டத்தில் எழுந்த வழக்கும் நஷ்ட ஈட்டுக் கோரிக்கையும்தான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு தூண்டுதல். அதே சங்கத்தின் 1921 வேலைநிறுத்தம் சாதிப் பிளவில் உடைந்து, புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. பிளவுபட்ட சங்கம் இருப்பதையும் அழிக்கும் என்பதற்கு அதைவிடக் கொடுமையான சான்று வேண்டாம். அந்தச் சங்கத்தினர் வேலை பார்த்த பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) ஆலையும் 1996இல் மூடியது. தொழிலே படுத்தால் ஒப்பந்தத்தால் அதை எழுப்ப முடியாது. இழப்பீட்டையும் கிராஜுவிட்டியையும் ஒழுங்காக வாங்கித் தருவதே அப்போது சங்கத்தின் வேலை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒப்பந்தத்தின் பலன் நிரந்தரத் தொழிலாளியோடு நின்றுவிடுகிறது. அதே லைனில் பக்கத்தில் நிற்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி, ட்ரெய்னி, குறிப்பிட்ட காலத் தொழிலாளி ஆகியோருக்குப் பெரும்பாலும் வராது. சில இடங்களில் பழைய ஆட்களின் உயர்வுக்குப் பதிலாகப் புதியவர்களுக்குக் குறைந்த கிரேடு என்று சங்கமே ஒப்புக்கொள்கிறது. பத்து வருடம் கழித்து அந்தப் புதியவர்கள் எண்ணிக்கையில் பெரிதாகும்போது சங்கத்தின் பேரம் பேசும் பலமே குறைந்துவிடும். இது தவறான வியாபாரம் என்று உறுதியாக நினைக்கிறேன். திருப்பூர் பனியன் தொழிலில் சங்கங்களும் உற்பத்தியாளர் அமைப்புகளும் ஊர் முழுமைக்கும் சேர்த்து ஒப்பந்தம் போடுவது நல்ல முறை. ஆனால் அங்கே ஷிப்ட் சம்பளமும் பீஸ் ரேட்டும் உயரும் அளவுக்கு பி.எஃப். உயராததால், சனிக்கிழமை கையில் வரும் காசு கூடினாலும் ஓய்வுக்காலச் சேமிப்பு மெலிந்தே இருக்கிறது.

சந்தேகத்துக்கு இடமுள்ளது எது என்றால், சம்பள வித்தியாசம் முழுவதையும் சங்கத்தின் கணக்கில் எழுதலாமா என்பது. சங்கங்கள் வேரூன்றுவது பெரிய, லாபமுள்ள, இயந்திர முதலீடு அதிகமான கம்பெனிகளில். அங்கே சங்கம் இல்லாவிட்டாலும் சம்பளம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அமெரிக்காவில் சங்கம் வேண்டுமா என்று ஆலைதோறும் ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். மயிரிழையில் வென்ற ஆலைகளையும் மயிரிழையில் தோற்ற ஆலைகளையும் ஒப்பிட்ட ஆய்வில் சம்பள வித்தியாசம் மிகச் சிறிதாகவே வந்தது. பாதிப் பேர் எதிர்க்கும் சங்கத்துக்குப் பேரம் பேசும் பலம் இருக்காது என்பதும் அதற்கு ஒரு விளக்கம். சங்கம் இருப்பதையே பயந்து பக்கத்து ஆலைக்காரர் சம்பளத்தை உயர்த்தினால், ஒப்பீட்டில் சங்கத்தின் பலன் குறைவாகத் தெரியும் என்பது மறுபக்கம். ஆகவே உங்கள் கணவருக்கு இத்தனை ரூபாய் என்று எண் சொல்ல மாட்டேன். திசை எது, எந்த வழியில் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? சந்தா வருடத்துக்கு 1,200 ரூபாய். ஒப்பந்தம் முடிந்ததும் அரியர்ஸில் ஒரு பங்கை ஒப்பந்த நிதியாக வாங்கும் வழக்கமும் பல சங்கங்களில் உண்டு, எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். ரசீது தருகிறார்களா, வருடாவருடம் வரவு செலவைப் பேரவையில் வைக்கிறார்களா, நிர்வாகிகள் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். நடப்பு ஒப்பந்தத்தின் நகலை வாங்கி நான்கு வரிகளைத் தேடுங்கள்: உயர்வில் பேஸிக்குக்கு எவ்வளவு, பி.எஃப். முழுச் சம்பளத்துக்கா, பஞ்சப்படி எந்தத் தொடரில், மருத்துவக் காப்பீடு யாருக்கெல்லாம். இந்த நான்கும் ஒழுங்காக இருந்தால் சேரச் சொல்லித் தயங்காமல் சொல்வேன். இல்லையென்றாலும் சேரச் சொல்வேன். அடுத்த கோரிக்கை மனு தயாராகும்போது உள்ளே இருப்பவர் கேட்டால்தான் அந்த வரிகள் ஏறும்.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்பது மாதம், ஒரு வருடம் தாமதமாகத்தான் முடியும். அப்போது அரியர்ஸ் மொத்தமாக வரும். பேஸிக் அரியர்ஸுக்கும் பி.எஃப். பிடித்து நிர்வாகப் பங்கோடு கட்டியிருக்கிறார்களா என்று அடுத்த மாதமே பாஸ்புக்கில் சரிபாருங்கள், பல இடங்களில் விட்டுப்போவது இதுதான். அந்தத் தொகையில் முதலில் வட்டிக் கடனை அடையுங்கள், அடுத்து மூன்று மாதச் செலவைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள், மிச்சம் இருந்தால் மனைக்கோ வீட்டுக்கடன் அசலுக்கோ போகட்டும். பி.எஃப்.இலும் கிராஜுவிட்டியிலும் நாமினியாக உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா அப்பா பெயரில் போட்ட பி.எஃப். நாமினேஷன் திருமணத்தோடு செல்லாமல் போகும். புதிதாகப் பதிவு செய்யாவிட்டால் ஏதாவது நடந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.